எண்ணாமல் எத்தனை? மூன்றாம் வகுப்பும் உத்தேசக் கணக்கும்

கேள்வி: 8 ஜூலை 2023

மகள் மூன்றாம் வகுப்பு. கணக்கு நோட்டில் ஒரு படம், நிறைய மீன்கள். கீழே இரண்டு கட்டம்: ‘உத்தேசமாக எத்தனை?’, ‘எண்ணிப் பார்த்தால் எத்தனை?’. இவள் முதல் கட்டத்தில் 40 என்று எழுதிவிட்டு, எண்ணிப் பார்த்து இரண்டாவதில் 52 என்று எழுதியிருக்கிறாள். 40-க்குச் சிவப்பில் பெருக்கல் குறி. பக்கத்துப் பிள்ளை இரண்டு கட்டத்திலும் 52 எழுதி ‘மிக நன்று’ வாங்கியிருக்கிறது. இவள் ஒரே அழுகை. உத்தேசம் என்றால் கொஞ்சம் முன்னே பின்னேதானே இருக்கும்? இதை வீட்டில் எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

8 ஜூலை, இரவு

உங்கள் மகள் எழுதியதுதான் சரி. பக்கத்துப் பிள்ளை எழுதியது உத்தேசமே இல்லை. எண்ணிவிட்டு மேல் கட்டத்தை நிரப்பியிருக்கிறது.

நான் நத்தம் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் டீச்சர். பதினேழு வருஷம். என் பிள்ளைகள் இதில் இன்னும் தேர்ந்தவர்கள். இரண்டு கட்டத்திலும் ஒரே எண் இருந்தால் டீச்சருக்குச் சந்தேகம் வரும் என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் 52 என்று எண்ணிவிட்டு மேலே 51 போடுவார்கள். ஒருத்தி நோட்டு முழுக்க, எல்லாப் படத்துக்கும், சரியாக ஒன்று குறைத்தே எழுதியிருந்தாள். ஏன் என்று கேட்டேன். “உத்தேசம்னா ஒண்ணு கம்மி டீச்சர்” என்றாள்.

வீட்டில் செய்ய ஒரே ஒரு வழி சொல்கிறேன். படத்தைக் காட்டுங்கள், மூன்று எண்ணுவதற்குள் மூடிவிடுங்கள். எண்ண நேரம் கொடுத்தால் எந்தப் பிள்ளையும் எண்ணத்தான் செய்யும். எண்ணத் தெரிந்த பிள்ளையிடம் எண்ணாதே என்றால் அது ஏன் கேட்க வேண்டும்? அப்புறம், உண்மை விடையைச் சொல்லவே சொல்லாதீர்கள். சொன்னால் மறுபடி சரி, தப்பு என்று ஆரம்பித்துவிடும்.

9 ஜூலை

நேற்று வீராப்பாக எழுதிவிட்டேன். இன்று ஞாயிற்றுக்கிழமை, பரணில் இருந்த பழைய நோட்டுகளை இறக்கினேன். நானும் பெருக்கல் குறி போட்டிருக்கிறேன். ஒன்றல்ல, ஒரே நோட்டில் ஆறு. ஏன் போட்டேன் என்று யோசித்தால் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. முப்பத்து நாலு நோட்டு, மதிய மணி அடிக்கப் பத்து நிமிஷம். இரண்டு கட்டமும் ஒன்றாக இருந்தால் கண் தானாக டிக் போட்டுவிடுகிறது. அதனால் உங்கள் மகளின் டீச்சரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். போனாலும் என் பெயரைச் சொல்லாதீர்கள்.

15 ஜூலை

‘மூன்று எண்ணுவதற்குள் மூடினால் என் பையன் வாய்க்கு வந்ததைச் சொல்கிறான்’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். உண்மை. என் வகுப்பில் இந்த வாரம் அதுதான் நடந்தது.

எங்கள் ஊரில் புளியங்கொட்டைக்குப் பஞ்சமில்லை. பாதி வீட்டில் புளி உடைத்துக் கொட்டை எடுக்கும் வேலை நடக்கும். ஒரு ஊறுகாய்ப் பாட்டிலில் கொட்டையை நிரப்பி மேசைமேல் வைத்தேன். எத்தனை இருக்கும், ஆளுக்கு ஒரு எண் சொல்லுங்கள் என்றேன். இருபது, ஆயிரம், ஐந்நூறு, பத்தாயிரம், முப்பது. கடைசி வரிசையிலிருந்து ‘நூறு கோடி’. அவனைத் திட்டவில்லை. அவனைப் பொறுத்தவரை நூறுக்கும் நூறு கோடிக்கும் இடையில் உள்ள தூரம் வெறும் சொல்.

மறுநாள் அதே மாதிரி இன்னொரு காலிப் பாட்டிலை எடுத்து, எல்லோர் முன்னும் 25 கொட்டையை எண்ணிப் போட்டேன். அடியில் விரல் அகலம்கூட நிறையவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒன்றும் சொல்லவில்லை, திரும்பக் கேட்டேன். நூறு கோடிக்காரன் எழுந்து வந்து பாட்டிலின் பக்கவாட்டில் விரலை வைத்து வைத்து ஏறினான். ‘நூத்தம்பது’. மற்றவர்களும் 100-க்கும் 200-க்கும் நடுவில் வந்து நின்றார்கள், இரண்டு பேரைத் தவிர.

வாய்க்கு வந்ததைச் சொல்லும் பிள்ளைக்குக் கணக்கு வராது என்பதில்லை. கையில் ஓர் அளவுகோல் இல்லை. 25 எவ்வளவு இருக்கும் என்று கண்ணுக்குத் தெரிந்தால்தான் ‘இதைப் போல எத்தனை மடங்கு’ என்று அது யோசிக்க முடியும்.

15 ஜூலை, சற்று நேரம் கழித்து

சொல்ல மறந்தேன். கடைசியில் கொட்டி எண்ணினோம். 164. ‘விடையைச் சொல்லவே சொல்லாதீர்கள்’ என்று போன வாரம் எழுதியவள்தான் எண்ணினாள். என்ன செய்வது, முப்பது பிள்ளைகள் மேசையைச் சுற்றி நிற்கும்போது எண்ணாமல் பாட்டிலை அலமாரியில் வைத்துப் பூட்டினால் அது கொடுமை.

பத்துப் பத்தாகக் கூறு கட்டி எண்ணியதால் இன்னொரு லாபம். 164 என்பது பதினாறு கூறும் நாலு கொட்டையும் என்று தரையிலேயே கிடந்தது. போன வாரம் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்: விடையைச் சொல்லலாம், சொல்லவேண்டும். மதிப்பெண் மட்டும் போடக் கூடாது.

22 ஜூலை

பாட்டில் விஷயத்தில் ரொம்ப மெச்சிக்கொண்டேன். இந்த வாரம் அதே பாட்டிலில் பச்சைப் பட்டாணி போட்டு வைத்தேன். எத்தனை? முக்கால்வாசிப் பேர் ‘நூத்தி அறுபது’ என்றார்கள். பாட்டில் ஒன்றுதானே, விடையும் ஒன்றுதான். உள்ளே இருக்கும் பொருளை யாரும் பார்க்கவில்லை.

ஒருவனை அழைத்து ஒரு புளியங்கொட்டையையும் ஒரு பட்டாணியையும் உள்ளங்கையில் வைத்தேன். வெகுநேரம் பார்த்தான். “இது சின்னது. அப்ப நிறைய பிடிக்கும்.” எவ்வளவு நிறைய? “ரொம்ப.” சரி, அன்றைக்கு அதுவே போதும் என்று விட்டுவிட்டேன்.

புளி உடைக்கும் வீட்டுப் பெண் ஒருத்தி மட்டும் வேறு வழியில் போனாள். ஒரு கைப்பிடி அள்ளி எண்ணினாள், முப்பத்தொன்று. பாட்டில் எத்தனை கைப்பிடி என்று கணக்குப் போட நினைத்து, அள்ளிப் போடுகிற வேலையை என்னிடம் கொடுத்தாள். நான் நாலு தடவை அள்ளினேன், பாட்டில் காலி. “டீச்சர், உங்க கை பெருசு, நீங்க ஏன் தொட்டீங்க” என்று கோபித்துக்கொண்டாள். அளவுகோல் ஒன்றாக இருக்கவேண்டும் என்பதை எந்தப் பாடமும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லாது.

29 ஜூலை

இதை ரொம்ப நாளாக எழுத நினைத்திருந்தேன். பேருந்தில் பின்னிருக்கையில் இரண்டு பெண்கள் ஒரு நிச்சயதார்த்தத்தைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள். ‘மாப்பிள்ளை வீட்டுல ஏழெட்டுப் பேர்தான் வந்தாங்க. நம்ம பக்கம் ஐம்பது அறுபது பேர். கல்யாணத்துக்கு ஆயிரம் ரெண்டாயிரம் பேர் வருவாங்க.’

கவனியுங்கள். ஏழெட்டு: இடைவெளி ஒன்று. நாலைந்து, ஐந்தாறு எல்லாம் அப்படியே. எட்டுப் பத்து: இரண்டு. பத்துப் பதினைந்து: ஐந்து. ஐம்பது அறுபது: பத்து. நூறு இருநூறு: நூறு. எண் பெரிதாகப் பெரிதாக இடைவெளியும் தானாக விரிகிறது. யாரும் இதை நமக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. ‘ஐம்பத்து மூணு ஐம்பத்து நாலு பேர் வந்தாங்க’ என்று சொன்னால் சின்னப் பிள்ளைகூடச் சிரிக்கும்.

எடையைக் கையால் தூக்கிப் பார்த்து வித்தியாசம் சொல்வது பற்றி ஜெர்மனியின் உடலியல் அறிஞர் எர்ன்ஸ்ட் வேபர் 19-ஆம் நூற்றாண்டில் கண்டதும் இதே சங்கதிதான்: எடை கூடக்கூட, வித்தியாசம் தெரிவதற்கு அந்த விகிதத்தில் அதிக எடையைச் சேர்க்கவேண்டும். அவர் அதற்குச் சோதனை செய்தார். எங்கள் பாட்டி ‘ஏழெட்டு’ என்றாள்.

ஆக, பிள்ளைகளுக்கு உத்தேசம் தெரியாது என்று நாம் நினைத்ததே தப்பு. பேச்சில் எல்லோருக்கும் தெரியும். நோட்டில் ஒரே ஒரு கட்டம் போட்டு ஒரே ஓர் எண் எழுதச் சொல்கிறோமே, அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். திங்கள்கிழமையிலிருந்து அந்த மேல் கட்டத்தை அழித்துவிட்டு, ‘ஏழெட்டு’ மாதிரி இரண்டு எண் சேர்ந்த இணையாகச் சொல்லச் சொல்லப் போகிறேன்.

5 ஆகஸ்ட்

இணை நன்றாக வேலை செய்கிறது. மூன்றே நாளில் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார்கள். உண்மை விடை இணைக்குள் விழுந்தால் ஒரு புளியங்கொட்டை பரிசு என்றேன். நூறு கோடிக்காரன்: “ஒண்ணு ஆயிரம்.” ஒன்றிலிருந்து ஆயிரம் வரை! எது வந்தாலும் உள்ளே விழும். கொட்டையும் வாங்கிக்கொண்டான்.

மறுநாள் புதுச் சட்டம்: பாட்டி ஒத்துக்கொள்கிற இணையாக இருக்கவேண்டும். ‘பாட்டி, கடையில ஒண்ணு ஆயிரம் பேர் நின்னாங்க’ என்று சொன்னால் பாட்டி என்ன செய்வாள்? “அடிப்பா டீச்சர்.” முடிந்தது. வகுப்பில் இப்போது இதன் பெயர் பாட்டி சட்டம்.

‘ஒன்பது பத்து என்று ஏன் சொல்வதில்லை?’ என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எங்கள் ஊரில் நான் கேட்டதில்லை. பத்து முழு எண், கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஒன்பதுவரை வந்தவர் பேசாமல் பத்து என்றே சொல்லிவிடுவார் போல. இது என் ஊகம்தான்.

12 ஆகஸ்ட்

முதல் வகுப்பு டீச்சர் விடுப்பு, அதனால் இரண்டு நாள் அங்கே போனேன். சுவர் ஓரமாகக் கயிறு கட்டி, ஒரு முனையில் 0, மறுமுனையில் 100. எண் எழுதிய அட்டையைத் துணிக் கிளிப்பால் மாட்டவேண்டும். 10-ஐக் கொடுத்தேன். ஒரு குழந்தை நேராகக் கயிற்றின் நடுவுக்குப் போய் மாட்டியது. 50-ஐக் கொடுத்தால் நூறை ஒட்டி. மற்றவர்களும் கிட்டத்தட்ட அப்படித்தான். சின்ன எண்களுக்கு விசாலமான வீடு, பெரிய எண்களெல்லாம் ஒரு மூலையில் நெருக்கியடித்துக்கொண்டு.

இது எங்கள் பள்ளியின் கோளாறு இல்லை. அமெரிக்காவில் உளவியலாளர் ராபர்ட் சீக்லரும் அவரோடு வேலை செய்தவர்களும் கோடு போட்டுக் குழந்தைகளைக் குறிக்கச் சொன்னபோது இதேதான். 0 முதல் 100 வரை உள்ள கோட்டில் இரண்டாம் வகுப்புவாக்கில் இடைவெளி சமமாகிவிடுகிறது. ஆனால் அதே வயதுப் பிள்ளையிடம் 0 முதல் 1000 வரை கொடுத்தால் பழையபடி நெருக்கடி. நூறு பழகிய பிள்ளைக்கு ஆயிரம் பழகவில்லை, அவ்வளவுதான். நூறு கோடிக்காரனை நினைத்துக்கொண்டேன்.

சீக்லரும் கீதா ராமானியும் 2008-இல் எழுதியது இன்னும் பிடித்தது. பள்ளி சேராத ஏழைக் குழந்தைகளுக்கு ஒன்று முதல் பத்துவரை வரிசையாகக் கட்டம் போட்ட விளையாட்டு. இரண்டு வாரத்தில் நாலு தடவை, தடவைக்குப் பதினைந்து நிமிஷம். உத்தேசம் நன்றாகவே திருந்தியது. எண் இல்லாமல் நிறக் கட்டத்தில் விளையாடிய குழந்தைகளிடம் அந்த மாற்றம் இல்லை.

12 ஆகஸ்ட், தொடர்ச்சி

உடனே பரமபதம் விளையாடச் சொல்லலாமே என்று நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். அச்சடித்த நூறு கட்ட அட்டையில் ஒரு சிக்கல்: முதல் வரி இடமிருந்து வலம், அடுத்த வரி வலமிருந்து இடம். 11 எங்கே இருக்கிறது? பத்துக்கு நேர் மேலே. 20? ஒன்றுக்கு நேர் மேலே. தூரமும் எண்ணும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. தாயத்திலோ சுற்றிச் சுற்றி வரவேண்டும், அதைவிட மோசம்.

வீட்டில் கிடந்த பழைய அட்டையைப் பத்துப் பத்துக் கட்டமாக வெட்டி, சுவரில் ஒரே நேர்கோடாக ஒட்டினேன். கதவிலிருந்து சன்னல் தாண்டிப் போய்விட்டது. பாம்புகளெல்லாம் துண்டு துண்டு. தலை ஓரிடம், வால் ஓரிடம். பிள்ளைகளுக்கு அதுதான் பெரிய வருத்தம். பரமபதத்தில் வைகுண்டம் போவதைவிடப் பாம்பு கடிப்பதில்தான் சுவை என்று அப்போதுதான் தெரிந்தது. கடைசியில் அவர்களே சாக்பீஸால் புதுப் பாம்பு வரைந்தார்கள். 97-லிருந்து 3 வரை வருகிற பாம்பு வகுப்பின் முழு நீளம். அதில் இறங்கும் பிள்ளை சுவரோரமாக நடந்தே போகவேண்டும். 94 எவ்வளவு தூரம் என்பது காலுக்குத் தெரிகிறது.

19 ஆகஸ்ட்

‘கூட்டத்தின் சராசரி உண்மைக்குப் பக்கத்தில் இருக்கும் என்பார்களே, அதை வகுப்பில் செய்யலாமா?’ என்று கேட்டவருக்கு: செய்தேன், ஒரு தடவை ஜெயித்தேன், ஒரு தடவை தோற்றேன்.

1906-இல் இங்கிலாந்தின் பிளிமத்தில் ஒரு கால்நடைக் கண்காட்சி. ஒரு மாட்டைக் காட்டி, அறுத்துச் சுத்தம் செய்தபின் எவ்வளவு எடை நிற்கும் என்று காசு கட்டி ஊகிக்கவேண்டும். புள்ளியியல் அறிஞர் பிரான்சிஸ் கால்டன் அந்தச் சீட்டுகளை வாங்கி வந்து ஆராய்ந்தார். படிக்கக்கூடிய சீட்டு 787. வரிசைப்படுத்தினால் நடுவில் நின்றது 1207 பவுண்டு. உண்மை 1198.

சராசரி மூன்றாம் வகுப்புக்கு வராது, ஆனால் நடு எளிது. பிள்ளைகளைத் தங்கள் எண்ணின்படி சிறியதிலிருந்து வரிசையில் நிற்கவைத்து, இரண்டு முனையிலிருந்தும் ஒவ்வொருவராக உட்காரச் சொன்னால் நடுவில் ஒரு பிள்ளை நிற்கும். அன்று 31 பேர். நடுவில் நின்றவள் கையில் 150. பாட்டிலில் 158. கைதட்டல்.

இரண்டாம் தடவை வாயால் சொல்லச் சொன்னேன், அங்கேதான் கோட்டைவிட்டேன். வகுப்பில் முதலாவதாக வருகிறவள் முதலில் ‘எண்பது’ என்றாள். அதற்குப் பிறகு எழுபத்தைந்து, எண்பத்தைந்து, எண்பத்திரண்டு... இருந்தது 210. இப்போது சீட்டில் எழுதி மடித்துக் கொடுத்த பிறகுதான் வாயைத் திறக்கலாம்.

26 ஆகஸ்ட்

இது கொஞ்சம் விலகிப் போகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். என் மாமா மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுப்பவர். பிஞ்சு நிற்கும்போதே மரத்தைப் பார்த்துவிட்டு விலை பேசுவார். சின்ன வயதில் அவரோடு தோப்பில் நடந்திருக்கிறேன். ஒரு கிளையை மட்டும் நன்றாக எண்ணுவார். பிறகு ‘இதைப் போல எத்தனை கிளை’ என்று சுற்றி வருவார். வெயில் படுகிற பக்கம் ஒரு தடவை, நிழல் பக்கம் ஒரு தடவை, ஏனென்றால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி காய்க்காது. காற்றில் உதிர்வதற்குக் கழிவு. என் 25 கொட்டை பாட்டிலும் இதுவும் ஒரே வித்தைதான் என்று இப்போதுதான் உறைக்கிறது.

நளன் கதையில் தேரில் போகும் ராஜா ஒரு தான்றி மரத்தைப் பார்த்துக் காய் இத்தனை என்று சொல்லிவிடுவார். தேரோட்டியாக இருந்த நளன் நம்பாமல் தேரை நிறுத்தி எண்ணிப் பார்ப்பான். சரியாக இருக்கும். மாமாவிடம் இதைச் சொன்னேன். “தான்றிக்காயை எண்ணி என்ன பண்ணப் போறாரு? மாங்காயா இருந்தாலாவது சரி” என்றார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஒண்ணுகூடக் குறையாமச் சொன்னாருன்னா அது உத்தேசம் இல்லை. ஏற்கெனவே எண்ணி வச்சிருப்பாரு” என்றார்.

மேல் கட்டத்தில் 52 எழுதிய பிள்ளை ஞாபகத்துக்கு வந்தது.

9 செப்டம்பர்

முழுமையாக்கல் பற்றிக் கேட்கிறார்கள். 47-ஐ 50 ஆக்குவது, 38-ஐ 40 ஆக்குவது. பயன் உண்டு. ஆனால் அதுவும் உத்தேசமும் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள். 47 + 38 உத்தேசமாக எவ்வளவு என்றால் என் பிள்ளைகள் 85 என்று கூட்டி முடித்துவிட்டு, அதை 90 ஆக்கி எழுதுகிறார்கள். மீன் படத்தில் செய்த அதே வேலை, உடை மட்டும் வேறு.

கடைக்கணக்காக மாற்றினால் கொஞ்சம் உண்மையாகிறது. கையில் நூறு ரூபாய். சாமான் 32, 21, 44. பாடப்படி 30, 20, 40 ஆக்கினால் 90, பத்து ரூபாய் மிட்டாய்க்கு மிஞ்சும். உண்மையில் 97, மூன்றுதான் மிஞ்சும். “கடைக்குப் போறப்ப கொஞ்சம் கூடத்தான் வைக்கணும் டீச்சர், இல்லாட்டி திருப்பிக் கொடுக்கணும், அசிங்கம்” என்றான் ஒருவன். பாடநூலில் இல்லாத விதி, ஆனால் அவன் சொன்னதுதான் சரி.

14 அக்டோபர்

காலாண்டு விடுமுறை முடிந்து வந்த முதல் வாரம். ஆகஸ்ட் 25-இலிருந்து அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கெல்லாம் காலை உணவு வந்துவிட்டதல்லவா, சமைக்கும் அக்கா என்னிடம் “எத்தனை பிள்ளைகள் டீச்சர்?” என்று கேட்டுக்கொண்டே வந்தார். நான் வருகைப் பதிவேட்டைத் தேடுவதற்குள், ‘ஒண்ணு கம்மி’ பெண் வாசலில் நின்றபடி மைதானத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “அறுபது எழுபதுக்கா” என்றாள். அக்கா சரியென்று ரவையை எடுக்கப் போய்விட்டார்.

எண்ணிப் பார்க்கலாமா என்று அவளைக் கேட்டேன்.

“உப்புமாவுக்கு எதுக்கு டீச்சர் எண்ணணும்?”

மதியம் முட்டைத் தட்டு வந்தது. அதே பெண் தட்டின் பக்கத்தில் உட்கார்ந்து, உதடு அசைய, விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். பாதியில் யாரோ கூப்பிட, மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள்.